முடக்கத்தான் தோசையும் வெள்ளைப் பொட்டலமும்

என் முழங்காலுக்கும் எனக்கும் தகராறு ஆரம்பித்தது 2013-ல். 1972-ல் தபால்காரனாகச் சேர்ந்து, பாளையங்கோட்டைத் தெருக்களில் சைக்கிள் மிதித்து, பிறகு பரீட்சை எழுதி எழுத்தராகி, 2011-ல் ஓய்வு பெற்றவன் நான். வெயிலிலும் மழையிலும் மிதித்த காலத்தில் ஒரு வார்த்தை பேசாத முழங்கால், பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்ததும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி துருப்பிடித்த கேட் மாதிரிதான். மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். எங்கள் வீட்டில் அப்போது பழைய மாதிரிக் கழிவறை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துத்தான் ஆகவேண்டும். ஒருநாள் குழாய் கையோடு வந்துவிட்டது. உள்ளே தண்ணீர் பீய்ச்சியடிக்க, நான் எழுந்திருக்க முடியாமல் கத்த, என் மனைவி வெளியே நின்று, "என்னங்க, என்னங்க" என்று பதற, பக்கத்து வீட்டுப் பையன் வந்துதான் என்னை மீட்டான். இன்று சிரிப்பாக இருக்கிறது. அன்று அழுகை வந்தது உண்மை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "தேய்மானம் சார், வயசாச்சுல்ல" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் சாப்பிட்டதில் வயிறு எரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஊரே எனக்கு வைத்தியரானது.

முதலில் முடக்கத்தான். முடக்கை அறுப்பதால் அந்தப் பெயர் என்று என் அம்மா சொல்வாள். எங்கள் வீட்டுக் கொல்லை வேலியில் தானாகவே படர்ந்து கிடந்தது. பலூன் மாதிரிக் காயை உடைத்துச் சின்ன வயதில் விளையாடியிருக்கிறோம். இரண்டு கைப்பிடி இலையை ஊறவைத்த புழுங்கலரிசியோடு சேர்த்தரைத்து என் மனைவி தோசை வார்த்தாள். லேசான கசப்பு, பச்சை நிறம். பூண்டுச் சட்னியோடு நாலு தோசை சாப்பிடலாம். வலி குறைந்ததா என்றால், சத்தியமாகச் சொல்லத் தெரியாது. வாரம் இரண்டு நாள் இன்றும் சாப்பிடுகிறேன், ருசிக்காக.

அடுத்தது மஞ்சள். பெங்களூரில் இருக்கும் மகன் மஞ்சள் மாத்திரையும் குளுக்கோசமின் மாத்திரையும் வாங்கி அனுப்பினான். இரண்டுமே மலிவான சரக்கு இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்து தனியாகச் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. மிளகில் உள்ள பைப்பரினோடு கொடுத்தால் பல மடங்கு அதிகமாகச் சேருகிறது என்று 1998-ல் பெங்களூர் மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். நம் பாட்டிகள் பாலில் மஞ்சளோடு மிளகையும் தட்டிப் போட்டது யார் சொல்லியோ தெரியவில்லை. குளுக்கோசமின் கதை வேறு. அமெரிக்காவில் 1,583 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. வலி அதிகமிருந்த சிறு பிரிவினருக்கு மட்டும், காண்ட்ராய்டினோடு சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் குணம் தெரிந்ததாம். என் முழங்கால் அந்தச் சிறு பிரிவில் சேரவில்லை. ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை.

இதெல்லாம் போகட்டும். நான் எழுத உட்கார்ந்தது 2016-ல் நடந்த விஷயத்தை.

பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர், "அண்ணாச்சி, பக்கத்து மாவட்டத்துல ஒரு வைத்தியர் இருக்காரு, மூணே நாள்ல நடக்க வெச்சிருவாரு" என்றார். இரண்டு பஸ் மாறிப் போனோம். வாசலில் நூறு பேர், கையில் டோக்கன். என் முறை வந்ததும் நாடியைத் தொட்டார், முழங்காலைப் பார்க்கவில்லை. மடித்த வெள்ளைப் பொட்டலங்கள் அறுபது கொடுத்தார். காலை ஒன்று, இரவு ஒன்று, தேனில் குழைத்து. புளி, கத்தரிக்காய், கருவாடு கூடாது. ஒரு மாதத்துக்கு 600 ரூபாய். பொட்டலத்தில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. என்ன மருந்து என்று கேட்டேன். "மூலிகைதான், பரம்பரை ரகசியம்" என்றார். முப்பத்தொன்பது வருஷம் ஒவ்வொரு பார்சலிலும் அனுப்புநர் விலாசம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கியவன், இதை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வலி போனது. மிகைப்படுத்தவில்லை, போயே போனது. படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினேன். தாமிரபரணிக்கு நடந்து போய்க் குளித்துவிட்டு வந்தேன். பசி நன்றாக எடுத்தது. பார்த்தவர்களிடமெல்லாம் அந்த வைத்தியர் புகழ் பாடினேன்.

அப்படிப் பாடியதில் ஒருத்தி என் அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அத்தான் போன பிறகு மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் முழங்கால் வலி, கூடவே சர்க்கரை. "தம்பி, எனக்கு இருக்குற மாத்திரையே போதும்டா" என்றுதான் முதலில் சொன்னாள். நான் விடவில்லை. நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் சாப்பிட்டது எனக்காகத்தான்.

அவளுக்கும் அதே மாதிரி வலி பறந்தது. கோயிலுக்குப் போனாள், மூன்று சுற்றுச் சுற்றினாள். முகம் நிறைந்து வட்டமாகிவிட்டது. "ஆச்சி இப்பதான் தெளிவா இருக்காங்க" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். கையில் அங்கங்கே நீலமாகக் கன்றிப் போயிருந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாவது மாதம் சர்க்கரை பார்த்தால் 340. எப்போதும் 150, 160 என்று இருப்பவள். என் மருமகள், அதாவது அக்கா மகள், கெட்டிக்காரி. பொடிமேல் சந்தேகப்பட்டு மிச்சப் பொட்டலங்களை அன்றே சாக்கடையில் கொட்டிவிட்டாள். அவள் நினைத்தது சரி. ஆனால் அப்படிச் சட்டென்று நிறுத்தியதில் இன்னோர் ஆபத்து இருந்தது. அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நாலைந்து நாளில் அக்காவுக்கு வாந்தி, எழுந்து நிற்க முடியாத தலைசுற்றல். அடுப்படியில் சரிந்து விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் தரைக்குப் போயிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாங்களா?"

நான்தான் பதில் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ரத்தத்தில் கார்டிசால் அளவு மிகக் குறைவாக இருந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். சிலர் பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்துவிடுகிறார்கள். வீக்கத்தையும் வலியையும் அது இரண்டு மூன்று நாளில் அடக்கிவிடும். எந்த மூலிகைக்கும் அந்த வேகம் கிடையாது. பசி எடுக்கும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். மாதக்கணக்கில் சாப்பிட்டால், சிறுநீரகத்தின் தலைமாட்டில் இருக்கும் சுரப்பி தன் வேலையை மறந்துவிடும். வெளியிலிருந்து வருவதைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நிலைகுலைந்துவிடும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பொடியைப் பரிசோதனைக்கு அனுப்ப எங்களிடம் ஒரு பொட்டலம்கூட இல்லை. என்னிடம் இருந்தவையும் தீர்ந்துவிட்டன. என் ரத்த அழுத்தமும் ஏறித்தான் இருந்தது. எனக்கும் அளவு போட்டு மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அக்காவுக்கு ஊசி போட்டு ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அந்த ஒன்பது ராத்திரியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் சரியாகத் தேறி வர ஐந்து மாதம் பிடித்தது. வலியும் பழையபடி வந்து சேர்ந்தது, இருவருக்கும்.

அதற்காக நாட்டு வைத்தியத்தையே விட்டுவிட்டேனா என்றால், இல்லை. எங்கள் ஊரிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாசலைத் தாண்டி எத்தனை வருஷம் தபால் கொண்டுபோயிருப்பேன்! கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனேன் பாருங்கள். அங்கே பார்த்த பெண் டாக்டர் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சாப்பிடும் இங்கிலீஷ் மாத்திரைகளையெல்லாம் எழுதிக்கொண்டார். தேய்மானத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் அழல் கீல்வாயு. "தேஞ்சது வளராது ஐயா, வலியைக் குறைக்கலாம், நடையைக் காப்பாத்தலாம்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வெளிப்பூச்சுக்குத் தைலமும், நொச்சி, ஆமணக்கு இலை, கல் உப்பு மூன்றையும் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடமும் சொன்னார். தைலத்தைத் தேய்த்து இருபது நிமிஷம் ஒத்தடம் கொடுத்தால், அந்த நாள் ஓடிவிடும். நொச்சி வாசனைக்கே பாதி வலி போய்விடுகிறது என்று என் மனைவி கேலி செய்வாள். போனால் போகட்டுமே, வாசனைக்குக் காசா கேட்கிறார்கள்? ஒன்று மட்டும் கவனம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் சூடு சரியாக உறைக்காது. முடிச்சை முதலில் இன்னொருவர் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வையுங்கள். முழங்கால் சிவந்து, சுட்டு, வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் சேர்ந்திருந்தாலோ ஒத்தடத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள்.

அதேபோல எல்லா மூட்டு வலியும் தேய்மானம் இல்லை. எங்கள் தெருவில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இரண்டு வருஷம் எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். காலையில் ஒருமணி நேரம் விரல்களை மடக்க முடியாது, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். அது முடக்குவாதம். சீக்கிரம் மருந்து ஆரம்பிக்காவிட்டால் மூட்டையே அரித்துவிடும். அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்று விரல்கள் கோணிவிட்டிருந்தன.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கைகொடுத்தது ஒரு நாற்காலிதான், நம்புங்கள். நேராக உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின் சுமையை அது வாங்கிக்கொள்ளும். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை; இரண்டாவது மாதம் குழாயைப் பிடிக்காமல் எழுந்தேன். இதற்குள் மேற்கத்திய மாதிரிக் கழிவறையும் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று எடை. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ சுமை குறையும் என்கிறார்கள். ராத்திரிச் சோற்றைக் குறைத்து 78-லிருந்து 72-க்கு வந்தேன். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசியை முழங்காலிலிருந்து இறக்கி வைத்தாயிற்று. கைத்தடி பிடிக்கவும் வெட்கப்படவில்லை. வலது கால் வலித்தால் இடது கையில் பிடிக்க வேண்டும். நான் ஒரு வருஷம் தப்பாகப் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

அக்காவுக்கு இப்போது எழுபத்தெட்டு. மாதம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். போகும்போது கொல்லையிலிருந்து நொச்சித் தழையும் முடக்கத்தானும் பறித்துக்கொண்டு போவேன். நானே வறுத்து ஒத்தடம் கொடுப்பேன். நடந்ததைப் பற்றி அவள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. போன முறை, தழையை அவள் மடியில் வைத்தேன். ஒவ்வோர் இலையாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொட்டலம் எதுவும் இல்லையேடா தம்பி?" என்றாள்.