பல்லின் கவசம்

ஆடித்தபசு விழாவில் சங்கரன்கோவில் தெருக்கள் மக்களால் நிறையும். வெயிலில் களைத்தோர் எலுமிச்சைச் சாறும் சோடாவும் நாடுவர். எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி அருகிலேயே இருப்பதால் அதற்குக் குறைவில்லை. நாவுக்கு இனிய அப்பானம் பல்லுக்கும் இனியதோ?

பல்லைப் போர்த்தியிருக்கும் வெண்கவசம் பற்சிப்பி எனப்படும். மனித உடலில் அதனினும் கடினமான பொருள் வேறில்லை. எனினும் அமிலத்தின்முன் அது தளரும். அமிலத்தை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் மிகும். ஏறத்தாழ 5.5க்குக் கீழே பற்சிப்பியின் சுண்ணச்சத்து கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2க்கும் 3க்கும் இடைப்பட்டவை.

அமிலத்தால் இளகிய பற்சிப்பியை உமிழ்நீர் மெல்ல மெல்ல இறுகச் செய்யும். அதற்குக் காலம் வேண்டும். முற்றும் தேய்ந்துபோன பற்சிப்பியோ மீண்டும் வளராது, பல் கூசும், உள்ளிருக்கும் மஞ்சள் நிறம் வெளிப்படும்.

ஆதலால், எவ்வளவு பருகுவது என்பதோடு எவ்வளவு நேரம் பருகுவது என்பதும் கருதத்தக்கது. புளித்த பானத்தை வாயில் தேக்கிச் சிறிது சிறிதாகச் சுவைத்தல் தீது. பருகியவுடன் நீரால் வாய் கொப்பளித்தல் நன்று. பல் இளகியிருக்கும்போது துலக்கினால் தேய்மானம் மிகும். ஆகவே அரைமணி நேரமாவது பொறுத்தல் வேண்டும். நாள்தோறும் தாகம் தீர்க்கத் தண்ணீரே சாலச் சிறந்தது.