இறுக்கமில்லாத வலிமை

பள்ளியில் செல்லின் படம் வரைந்த நாட்களில் எங்கள் கவனமெல்லாம் உட்கருவின் மேல்தான். செல் சவ்வு வெறும் பென்சில் கோடு. பின்னாளில் படிக்கப் படிக்க, செல்லிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதியாக அந்தக் கோடு ஆகிவிட்டது.

அதன் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒன்று. அதற்குள் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நீரை நாடும் தலை ஒன்று, நீருக்கு ஒதுங்கும் வால்கள் இரண்டு. தலைகள் உள்ளும் புறமும் இருக்கும் நீரைப் பார்த்திருக்க, வால்கள் நடுவில் நனையாமல் ஒடுங்கிக்கொள்கின்றன. இவற்றை யாரும் அடுக்கி வைப்பதில்லை. நீரில் விட்டாலே தாமாக அணிவகுத்துவிடும்.

இந்த ஈரடுக்கை 1925இல் கண்டு சொன்னவர்கள் நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சேர்ந்த எவர்ட் கோர்ட்டரும் பிரான்சுவா கிரெண்டலும். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்குள் வேறு சவ்வு கிடையாது. அதிலிருந்து பிரித்த கொழுப்பை நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல் இருமடங்கு வந்தது. கொழுப்பு முழுவதும் பிரிந்து வரவில்லை, அணுக்களின் பரப்பும் குறைவாகவே கணக்கிடப்பட்டது என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு பிழையை மற்றொன்று ஈடுகட்டியதால் முடிவு சரியாக அமைந்தது.

என்னை வியக்க வைப்பது வேறொன்று. இந்த மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பூட்டும் வேதிப்பிணைப்பே இல்லை. திருவிழாக் கூட்டம் போல் ஓயாமல் இடம் மாறியபடியே இருக்கின்றன. அதனால்தான் சிறு துளை விழுந்தால் தானே மூடிக்கொள்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது கிழிந்து கொட்டாமல் பிரிகிறது. இறுக்கமே வலிமை என்று எண்ணிப் பழகிய எனக்கு, நெகிழ்ந்து கொடுத்தே இத்தனை உயிர்களையும் காத்துவரும் இந்தச் சவ்வு பெரிய பாடம்.

அந்த நெகிழ்வுக்கும் ஒரு விலை உண்டு: எளிதில் குலைந்தும் போகும். கொரோனா வைரஸின் மேலுறையும் நம் செல்லிலிருந்து அது எடுத்துப் போர்த்திக்கொண்ட ஈரடுக்குதான். சோப்பு மூலக்கூறுக்கும் நீரை நாடும் தலை உண்டு, நீருக்கு ஒதுங்கும் வால் உண்டு. அது வரிசைக்குள் புகுந்து உறையைக் குலைத்துவிடும்; வைரஸ் செயலிழக்கும். ஆனால் கையின் இடுக்கெல்லாம் சோப்பு போய்ச் சேர நேரம் வேண்டும். ஆகவே சோப்புப் போட்டுக் கைகழுவச் சொன்ன அந்த இருபது விநாடியை, தொற்றுக்காலம் போய்விட்டது என்று குறைத்துவிடாதீர்கள்.