அடுக்கு மேசைகளின் அடிப்புறம்

பழைய தளபாடங்களை விரும்பி வாங்குவோர் பலர் மேற்பலகையின் மினுக்கத்திலேயே மயங்கிவிடுகின்றனர். அடுக்கு மேசைகளைப் பொறுத்தவரை இது பணத்தை இழக்கச் செய்யும் பழக்கம். பெரிய மேசையின் கால்களுக்கிடையே அடுத்தது, அதனுள் அதனிலும் சிறியது என்று மூன்றோ நான்கோ மேசைகள் ஒன்றினுள் ஒன்று அடங்கி நிற்கும் இத்தொகுதியின் பெறுமதி, அவை யாவும் ஒரே பட்டறையில் ஒரே வேளையில் செய்யப்பட்டவை என்பதில் தங்கியிருக்கிறது. ஒன்று தவறிப்போய் அதற்குப் பதிலாக வேறொன்று சேர்க்கப்பட்டிருந்தால் விலை பெரிதும் விழுந்துவிடும். இதை அறிய வேண்டுமானால் மேசைகளைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

பனையோலையில் இழைத்த அடுக்குப் பெட்டிகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இதன் தத்துவம் புதிதன்று. ஆங்கிலேயர் இதனைப் பறவைக்கூட்டின் பெயரால் ‘நெஸ்ட் ஒஃப் டேபிள்ஸ்’ என்பர். புகழ்பெற்ற தளபாட வடிவமைப்பாளரான தோமஸ் ஷெரட்டன் 1803ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது தளபாட அகராதியில், ‘குவார்ட்டெட்டோ’ மேசை என்ற பெயரில் இதனைக் குறிப்பிட்டிருக்கிறார். நால்வர் கூடி இசைக்கும் இசைக்குழுவை நினைவூட்டும் பெயர் அது. தேநீர் பரிமாறவும், பெண்கள் தையல் வேலை செய்யவும் வேண்டியபோது வெளியே இழுத்து, வேலை முடிந்ததும் ஒன்றாகத் தள்ளிவைக்கும் வசதிக்காகவே இது விரும்பப்பட்டது. அதே நூற்றாண்டில் சீனாவின் கன்ரன் துறைமுகத்திலிருந்து கறுப்பு அரக்கில் பொற்சித்திரம் தீட்டிய தொகுதிகளும் மேற்குநாடுகளுக்குக் கப்பலேறின. 1926, 1927ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்தைச் சேர்ந்த ஜோசப் அல்பர்ஸ், வண்ணம் பூசிய கண்ணாடியை மேற்பரப்பாக வைத்து நான்கு மேசைகளை அமைத்தார். இன்றைய மாடிக் குடியிருப்புகளின் சிறிய அறைகளிலும் அதே வசதிதான் இதற்கு வாழ்வளிக்கிறது.

வாங்குவோர் நினைவில் வைத்திருக்க வேண்டிய காலகட்டம் ஒன்று உண்டு. ஏழாம் எட்வேட் மன்னர் ஆண்ட 1901 முதல் 1910 வரையான காலத்தில் ஷெரட்டன் பாணி மீண்டும் நாகரிகமாகி, அவ்வகை மேசைகள் பெருமளவில் செய்யப்பட்டன. அவை போலிகளல்ல, நல்ல வேலைப்பாடு கொண்டவையும் அவற்றுள் உண்டு. ஆனால் 1910இல் செய்ததை 1810இல் செய்ததாகக் கருதி விலை கொடுப்பது வேறு விடயம்.

இம்மேசைகளோடு எமது தீவுக்கும் உறவுண்டு. ‘கலமண்டர்’ என்று ஆங்கிலேயர் அழைத்த மரம், கபில நிறத்தில் கருங்கோடுகள் ஓடுவது, கருங்காலியின் இனத்தைச் சேர்ந்தது, இலங்கைக்கே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் செல்வர்கள் இதனை மெல்லிய தகடாக அறுத்து மேசைகளில் ஒட்டுவித்தனர். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1859இல் வெளிவந்த தமது நூலில், மீண்டும் நடாமல் வெட்டித்தள்ளியதால் இம்மரம் மிகவும் அரிதாகிவிட்டதென்று அப்போதே எழுதினார். எட்வேட் காலத்து மேசைகளில் ‘சற்றின்வூட்’ என்று சொல்லப்படும் பொன்மஞ்சள் மரத்தில் பெரும்பகுதி, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் எங்கள் முதிரைதான். வன்னிக் காட்டில் கண்ட மரத்தை இலண்டன் கடையொன்றில் அந்நியப் பெயரோடு சந்திப்பது விசித்திரமான அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்து சென்றிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவர் என்னைத் தம்முடன் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றார். கலமண்டர் மேசைகள் நான்கு, ஏறத்தாழ 1815ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, விலை மூவாயிரத்து இருநூறு பவுண் என்று அங்கே எழுதி வைத்திருந்தார்கள். மகளின் திருமணத்துக்கு ஊர் மரத்தில் ஒரு பொருள் கொடுக்க வேண்டுமென்பது அவருடைய ஆசை. ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. “மாஸ்டர், ஆசைப்படுவது சரி. முதலில் கவிழ்த்துப் பார்ப்போம்” என்றேன். கடைக்காரரும் மறுக்கவில்லை.

முதலில் நிறத்தைப் பார்த்தோம். பெரிய மேசையின் மேற்பலகை வெளிறியிருந்தது. உள்ளே இருந்தவை கருமையாக இருந்தன. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இருநூறு ஆண்டு வெயிலைத் தாங்கியது பெரிய மேசைதான். மற்றவை அதன் நிழலில் இருந்தவை. நான்கும் ஒரே அளவில் வெளிறியிருந்தால்தான் மெருகை அண்மையில் சுரண்டிப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். வெயில் படாத அடிப்புறத்தில் மட்டும் எல்லாம் ஏறத்தாழ ஒரே நிறமாக இருக்க வேண்டும். எங்கள் முன்னிருந்தவற்றுள் மூன்று அவ்வாறே இருந்தன. மிகச் சிறியதன் அடியில் மட்டும் கறுப்புச் சாயம் பூசப்பட்டிருந்தது.

அடுத்து அளவு. ஒவ்வொரு மேசையும் முந்தியதைவிடச் சீராகக் குறைந்து வர வேண்டும். இரு பக்கத்து இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். கடைசி மேசை தன் இடத்தில் சற்றுத் தளர்ந்து ஆடியது. பலகையின் அடியைக் கைவிளக்குப் பிடித்துப் பார்த்தபோது வளைவான வாள்தடங்கள் தெரிந்தன. கைவாள் நேர்கோடாகத் தடம் விடும். வளைந்த தடம் வட்டவாளுக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடந்து செல்லச் செல்லவே வட்டவாள் தச்சுப்பட்டறைகளில் பரவியது. திருகாணி ஒன்றைக் கடைக்காரரே கழற்றித் தந்தார். அதன் நுனி கூர்மையாக இருந்தது. கூர்நுனித் திருகாணிகள் இயந்திரத்தில் செய்யப்பட்டுப் பரவியது 1840களின் பின்னரே. அதற்கு முந்தியவை மழுங்கிய நுனியும், நடுவிலிருந்து விலகிய பிளவும் கொண்டவை. திருகாணி மட்டும் பழுதுபார்த்தபோது மாற்றப்பட்டிருக்கலாம். ஆகவே ஒரு சான்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது.

ஐயத்தைத் தீர்த்தது பூச்சிதான். மரத்தை அரிக்கும் வண்டு வெளியேறும்போது சிறிய வட்டத் துளையை மட்டுமே மேற்பரப்பில் விட்டுச் செல்லும். அதன் வழி உள்ளே வளைந்து வளைந்து ஓடும். அச்சிறு மேசையின் கால் ஒன்றிலோ அந்த வழி, வாய்க்கால் போல நீளத் திறந்து கிடந்தது. ஏற்கெனவே பூச்சி அரித்த பழைய மரத்தைப் பின்னர் எவரோ அறுத்துச் சீவினாலன்றி அவ்வாறு தெரியாது. வேறொரு பழைய தளபாடத்தின் மரத்தை எடுத்து, காணாமற்போன நான்காவது மேசைக்குப் பதிலாகச் செய்திருக்கிறார்கள்.

நண்பர் முகம் வாடிப்போனார். கடைக்காரருடன் நாங்கள் வாதாடவில்லை. கண்டதை ஒவ்வொன்றாகக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, தாமும் ஒரு வீட்டு ஏலத்தில் நான்காகவே வாங்கியதாகச் சொன்னார். அதை நம்பாதிருக்க எமக்குக் காரணமில்லை. ஈற்றில் ஆயிரத்து நானூறு பவுணுக்கு உடன்பாடு கண்டோம். பற்றுச்சீட்டில், ‘மூன்று ஒரே தொகுதி, நான்காவது பிற்காலத்தில் செய்யப்பட்டது’ என்று அவர் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டார். நண்பர் அந்தச் சீட்டையும் மேசைகளோடு மகளிடம் கொடுத்தார். “பிள்ளை நாளைக்கு விற்க வேண்டி வந்தால் எவரையும் ஏமாற்றாமல் விற்கட்டும்” என்பது அவர் சொன்ன காரணம்.

வாங்க எண்ணுவோர் எழுத்து மூலமான விபரத்தைக் கேட்டுப் பெறுவது அவசியம். “பழையது”, “ஷெரட்டன் பாணி” என்ற சொற்கள் எதற்கும் பொறுப்பேற்காதவை. “ஏறத்தாழ 1815” என்று எழுதினால் எழுதியவர் பதில் சொல்ல வேண்டும். துளைகளிலிருந்து புதிய மாவு கொட்டுகிறதா என்றும் பாருங்கள். கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடிருக்கிறது. ‘றோஸ்வூட்’ எனப்படும் மரங்களுள் பிரேசிலிய வகை 1992ஆம் ஆண்டு முதல் சர்வதேச வணிகத்தில் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் செய்த மேசையை நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல விரும்புவோர், பணத்தைக் கொடுக்குமுன்னரே அனுமதிப் பத்திரம் பற்றி விசாரிக்க வேண்டும்.

ஊரில் பழைய வீடுகளை வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. சுவரோரத்தில் கிடக்கும் சிறு மேசையை, உடைந்த கதிரையோடு சேர்த்துப் பழைய சாமான் வாங்க வருபவரிடம் ஒரு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அதன் துணைகள் மாமி வீட்டிலோ, அறையொன்றின் மூலையில் சாமிப்படம் தாங்கியோ இருக்கக்கூடும். விற்பதா வைத்திருப்பதா என்பதை அவற்றைத் தேடி ஒன்றுசேர்த்துப் பார்த்த பின்னர் தீர்மானியுங்கள்.