முடிச்சூர் டு மணிமங்கலம்... லாரி வராத ஏரிக்கரையில் ஒரு சைக்கிள் காலை!

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணி. மேற்கு தாம்பரத்தில் டீக்கடை பாய்லரில் ஆவி பறக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு நான்கைந்து பேர் டீ குடிக்கிறார்கள். ஒருவரிடம் பைக் விலையில் வாங்கிய வெளிநாட்டு சைக்கிள். பக்கத்தில் நிற்கும் பையனிடம் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். போகிற திசை இருவருக்கும் ஒன்றுதான். ஜி.எஸ்.டி. சாலைக்கு முதுகைக் காட்டிவிட்டு, முடிச்சூர் பக்கம்.

ஜி.எஸ்.டி. சாலையில் சைக்கிள் ஓட்டுவது என்பது இன்று வீரச்செயல். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் சைக்கிளுக்கு என்று ஓர் அடி இடம்கூட மிச்சமில்லை. குழந்தைக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலேயே வட்டமடிக்கச் சொல்லும் பெற்றோர்தான் இந்தப் புறநகர் முழுக்க.

ஆனால் முடிச்சூர் தாண்டி ஏழெட்டு கிலோ மீட்டர் போனால் வேறு உலகம். ஏரி, கரை, பனைமரம், மண்பாதை.

‘கிராவல்’ நமக்குப் புதுசா?

ஐரோப்பாவில் இப்போது ‘கிராவல் சைக்கிளிங்’ பெரிய மோகம். தார்ச்சாலையை விட்டு இறங்கி, பொடிக்கல் பாதையில் நதியோரமாகப் போவது. பிரான்ஸ் நாட்டின் அர்தேஷ் பகுதியில், எரியூ நதிப் பள்ளத்தாக்கில் ‘டோல்ச்சே வியா’ என்று ஒரு பாதை இருக்கிறது. 1968-ல் மூடப்பட்ட சின்ன ரயில் தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, பொடிக்கல் போட்டு, சுமார் 90 கி.மீ. தூரத்துக்கு சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிட்டார்கள். ரயில் போன தடம் என்பதால் ஏற்றம் மூச்சு வாங்காது. கார் வராது. இப்படிப்பட்ட பாதைக்கு 2004 முதல் அந்த நாட்டுச் சாலை விதியிலேயே தனிப் பெயரும் தனிப் பலகையும் உண்டு.

நம் ஊரில் பலகைதான் இல்லை. கிராவல் இருக்கிறது. சொல்லப்போனால் அந்தச் சொல்லே நம் கிராமங்களில் புழங்குவதுதான். ஏரிக்கரையைப் பலப்படுத்தக் கொட்டும் செம்மண் சரளைக்கு ‘கிராவல்’ என்றுதான் டிராக்டர்காரரும் சொல்வார், ஒப்பந்தக்காரரும் சொல்வார்.

இன்னொரு விஷயம். கிராவல் சைக்கிளுக்கு 38 முதல் 45 மில்லி மீட்டர் அகல டயர் வேண்டும் என்று கடைகளில் விளக்குவார்கள். தாத்தா காலத்து கறுப்பு சைக்கிளின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம். கணக்குப் போட்டால் 38 மில்லி மீட்டர்! பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு வரப்போரம் போன வண்டிக்கு ஏரிக்கரை எம்மாத்திரம்?

நதியைத் தேடி மேலே போகும் பாதை

சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அடையாறு, தொடங்குவது இந்தப் பக்கம்தான். மொத்த நீளமே சுமார் 42 கி.மீ. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர் என்று வந்து, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் புகுந்து, நகரத்துக்குள் நுழைகிறது. முடிச்சூரிலிருந்து மேற்கே சைக்கிளை மிதித்தால் நீங்கள் நதியின் எதிர்த்திசையில், அதன் பிறந்த வீட்டை நோக்கிப் போகிறீர்கள்.

வரதராஜபுரம் பக்கம் வெளிவட்டச் சாலை குறுக்கே வருகிறது. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 62 கி.மீ. ஓடும் ராட்சத சாலை. மேலே கன்டெய்னர் லாரிகள் சீறுகின்றன. அதைத் தாண்டி உள்ளே திரும்பியதும், ஒரு கிலோ மீட்டருக்குள் சத்தம் அடங்கிவிடுகிறது. அந்த மாற்றத்துக்காகவே ஒருமுறை போகலாம்.

ஏரிக்கரையில் ஏறிவிட்டால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தாழ்வாக வயல். இடையில் ஒரு டிராக்டர் போகிற அகலத்துக்கு மண்பாதை. கரை நேராக இருக்காது, பிறை போல வளைந்து போகும். நடுவில் மதகு வரும். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாசல். ஓர் ஓரத்தில் கலங்கல் வரும். நிரம்பியது வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் இடம். ஓர் ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்கு வரத்து. இப்படிச் சங்கிலியாகக் கோத்து வைத்த ஏரிகளின் கடைசிக் கண்ணிதான் அடையாறு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாராவில் படித்தது, சைக்கிளில் போனால் காலுக்கே புரிகிறது. மிதிக்காமல் வண்டி தானாக ஓடும் பக்கம்தான் தண்ணீரும் ஓடும்.

2015 ஏன் நடந்தது என்று இங்கே தெரியும்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டி மீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் முதல் மாடி வரை மூழ்கின. படகில் ஆட்களை மீட்டார்கள். ‘செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால்தான்’ என்று இன்றும் பலர் சொல்வார்கள். ஆனால் செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாறில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. இங்கே வந்த வெள்ளம் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் என்று இந்த ஏரிச் சங்கிலி நிரம்பி வழிந்த வெள்ளம். கால்வாய் இருந்த இடத்தில் மனை போட்டிருந்தால் தண்ணீர் என்ன செய்யும்? வீட்டுக்குள் போகும்.

முடிச்சூரில் இப்போதும் சில வீடுகள் தெருவைவிட நாலைந்து அடி உயர்த்திக் கட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். வாசலில் அத்தனை படி எதற்கு என்று சைக்கிளில் வரும் பிள்ளைகள் கேட்டால், பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

அதற்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், ஆழப்படுத்தினார்கள், கரைகளை உயர்த்தினார்கள். வெள்ளத்துக்காகப் போட்ட அந்தக் கரைகள்தான் பல இடங்களில் சைக்கிள்காரர்களுக்குப் பாதையாகிவிட்டன. யாரும் திட்டமிடவில்லை. அதனால் யாரும் பாதுகாப்பதுமில்லை. போன மாதம் போன பாதை இந்த மாதம் கட்டட இடிபாட்டுக் குவியலால் அடைபட்டிருக்கும். கம்பிவேலி முளைத்திருக்கும். நகரத்துக்குள் இருக்கும் சில ஏரிகளில் ‘அழகுபடுத்துகிறோம்’ என்று பேவர் பிளாக்கும் கைப்பிடி வேலியும் போட்டது போல இங்கேயும் போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. வேண்டாம் சாமி! கிராவலே போதும். குப்பை கொட்டாமலும் வேலி போடாமலும் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

புலிகேசி வந்த ஊர்

தாம்பரத்திலிருந்து 12 கி.மீ. அளவில் மணிமங்கலம். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்குப் பெயரைக் கேட்டதும் காது விடைக்கும். சாளுக்கியப் புலிகேசியும் பல்லவர்களும் மோதிய அதே மணிமங்கலம்தான். கல்கி போரை மகேந்திரவர்மன் காலத்தில் வைத்துக் கதை சொன்னார். கூரம் செப்பேடு, மணிமங்கலத்தில் புலிகேசியை வென்றவன் நரசிம்மவர்மன் என்கிறது. ஏழாம் நூற்றாண்டு ரத்தம் சிந்திய இடத்தில் இன்றைக்கு நாற்றங்கால். சோழர் கல்வெட்டுகள் உள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயிலும் தர்மேஸ்வரர் கோயிலும் இருக்கின்றன. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு கோயில் நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் திரும்பிப் போகும் தெம்பு வந்துவிடும்.

பெரிய ஏரிக்கரைதான் இந்தப் பயணத்தின் உச்சம். நவம்பர் தாண்டினால் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் தாழைக்கோழியும் கூட்டமாக இருக்கும். கோடையில் ஏரி வற்றி, ஆட்டு மந்தைதான் மேயும். அதற்குப் பதில் பனையோரம் நுங்கு கிடைக்கும்.

போகிறவர்கள் கவனிக்க: மழை பெய்த மறுநாள் கரையில் ஏறாதீர்கள். செம்மண் மட்கார்டில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது, சைக்கிளைச் சுமக்க வேண்டிவரும். ஈரக் கரையும் கெட்டுப்போகும். சீமைக் கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும், பஞ்சர் கிட் கட்டாயம். தண்ணீர் இரண்டு பாட்டில். சின்னக் குழந்தைகளை மதகுப் பக்கம் தனியாக விடாதீர்கள். கரையில் நாய்கள் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அவற்றுக்கே போரடித்துவிடும். அவ்வளவு தூரம் முடியாத வீட்டுப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது. உள்ளேயே வாடகை சைக்கிள் உண்டு, செவ்வாய்க்கிழமை விடுமுறை.

திரும்பும்போது நேரம் இருந்தால் திருநீர்மலைக்கு ஒரு மிதி மிதிக்கலாம். திருமங்கையாழ்வார் பெருமாளைச் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதாம். வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்தாராம். ஊர்ப் பெயரிலேயே நீர் இருக்கிறது. படியேறி மேலே நின்றால் கிழக்கே விமானங்கள் இறங்குவது தெரியும், மேற்கே ஏரிகள் தெரியும். நடுவில், ஆறு எங்கே ஓடுகிறது என்பதைத்தான் வீடுகளுக்கு இடையே கொஞ்சம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எட்டரை மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் முடிச்சூர் சாலையில் தண்ணீர் லாரிகள் வர ஆரம்பித்துவிடும்.