அண்ணாச்சியும் விண்டோஸ் ஏழும்

கெட்ட செய்தி சொல்வதற்கென்று ஒரு முகம் வேண்டும். எனக்கு அது இருப்பதாக என் நண்பன் நினைக்கிறான்.

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். 'பிழைக்கிறவன்' என்பது கொஞ்சம் அதிகம். சன்மானம் வருவதற்குள் வீட்டு வாடகைத் தேதி மூன்று தடவை வந்து போய்விடும். அந்த இடைவெளியை நிரப்ப, கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதி விற்கும் காலேஜ் நண்பனிடம் பார்ட் டைம் வேலை. அவன் கம்பெனியில் மொத்தம் மூன்று பேர். நான் போனால் மூன்றரை.

2024 நவம்பரில் ஒரு நாள் கூப்பிட்டான்.

"ஜனவரி ஒண்ணாம் தேதியிலேர்ந்து நம்ம புது வெர்ஷன் விண்டோஸ் ஏழுல ஓடாது. இன்னும் அதையே வச்சிருக்கிற கடைக்காரங்க லிஸ்ட் இது. எல்லாருக்கும் சொல்லிடு."

"நானா?"

"நீதானே எழுத்தாளன்? பக்குவமா சொல்லுவே."

லிஸ்ட்டைப் பார்த்தேன். பதினேழு பேர். ஏழாவது பெயரைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி! தினமும் பால் பாக்கெட் அவர் கடையில்தான். மாதக் கடைசியில் கடனுக்கு.

சண்டைக்குப் போனேன். "நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை ஏன்டா நிறுத்தறே? சும்மா விட்டா உனக்கு என்ன நஷ்டம்?"

பதில் சொல்லாமல் கையைப் பிடித்து ஆபீஸ் மூலைக்கு இழுத்துப் போனான். அங்கே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், மேலே பழைய துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஒரு சின்ன மாற்றம் பண்ணினாலும் எல்லாத்தையும் இதுல ஒரு தரம் ஓட்டிப் பார்க்கணும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் காலி. மத்தவங்க முன்னூறு பேர் கேட்கிற வசதியெல்லாம் இந்தப் பதினேழு பேருக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. அதாவது முன்னூறு பேர் சேர்ந்து இந்தப் பொட்டிக்கு வாடகை கட்டறாங்க. அவங்களுக்கே தெரியாம!"

அதோடு விடவில்லை. அவன் சாஃப்ட்வேர் பைத்தான் என்ற மொழியில் எழுதியது. பைத்தான்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். புதுப் பதிப்பு வெளியாகிற அன்றைக்கு எந்தெந்த விண்டோஸை மைக்ரோசாஃப்ட் பராமரித்துக் கொண்டிருக்கிறதோ, அவற்றுக்கு மட்டும்தான் அந்தப் பதிப்பு பொறுப்பு. விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். மைக்ரோசாஃப்ட் அதன் பராமரிப்பை 2020 ஜனவரி 14-ஆம் தேதி முடித்துக்கொண்டது. அதே வருஷம் அக்டோபரில் வந்த பைத்தான் 3.9, ஏழில் ஓடாது. ஓடுகிற கடைசிப் பதிப்பு 3.8. அதற்கும் 2024 அக்டோபரில் மங்களம் பாடிவிட்டார்கள்.

"கீழ் வீட்டுக்காரன் காலி பண்ணிட்டான். மாடி வீட்டுக்காரனும் காலி பண்ணிட்டான். மொட்டை மாடியில நான் மட்டும் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கணுமா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து, மற்றவர்கள் எல்லாம் இதை எப்படிச் செய்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். (கட்டுரைக்கு ஆகுமே என்ற அல்ப ஆசையும் உண்டு.)

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதியது 386 சிப் உள்ள கம்ப்யூட்டரில். லினக்ஸ் நடை பழகியதே அந்தத் திண்ணையில்தான். 2012 டிசம்பரில் அதே 386-க்கான ஆதரவை லினக்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். சென்டிமென்ட் எல்லாம் சினிமாவுக்குத்தான்.

பைத்தானே தன் சொந்த வீட்டில் பட்டபாடு இன்னொரு கதை. மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்துவிட்டது. இரண்டாம் பதிப்பை 2015-இல் மூடுவதாகத் திட்டம். ஜனங்கள் நகரவில்லை. சரி போ என்று 2020 வரை தள்ளினார்கள். கல்யாணத்தை ஐந்து வருஷம் தள்ளிப் போட்ட மாதிரிதான். ஆனால், முகூர்த்தத் தேதி என்று ஒன்று ஊருக்கே தெரிந்திருந்தது.

விண்டோஸ் எக்ஸ்பி-யை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் கைவிட்டது. கூகுள் தன் குரோமை அதில் 2016 ஏப்ரல் வரை ஓட்டியது. பெற்றவள் விட்ட பிள்ளையைச் சித்தி இரண்டு வருஷம் வளர்த்த கதை. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகத்தைச் சுற்றி வந்தது. இங்கிலாந்தில் பல அரசு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. அது நுழைந்த ஓட்டைக்கு அடைப்பு, பராமரிப்பில் இருந்த விண்டோஸ்களுக்கு மார்ச்சிலேயே வந்திருந்தது. எக்ஸ்பி-க்கு? ஊர் பற்றி எரிந்த பிறகுதான் கொடுத்தார்கள். மார்ச்சில் கொடுத்ததைப் போடாமல் சோம்பி இருந்தவர்களும் நன்றாக மாட்டிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

இத்தனை ஞானத்தோடு அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"தம்பி, இந்தப் பெட்டி 2013-ல வாங்குனது. ஒரு நாள் மக்கர் பண்ணுனதில்ல. நல்லா உழுத மாட்டை யாராவது விப்பாகளா?"

பைத்தான், லினக்ஸ், 386 எதுவும் எடுபடவில்லை. "புதுசா ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் இல்லை அண்ணாச்சி" என்றேன். அவர் யோசித்தார். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த எலெக்ட்ரானிக் தராசைப் பார்த்தார்.

"இந்தத் தராசு நல்லாத்தான் நிறுக்கு. ஆனாலும் வருசா வருசம் முத்திரை போட்டாத்தான் செல்லும். அப்ப, விண்டோசுக்கு முத்திரை போடுத ஆபீசையே மூடிட்டாகன்னு சொல்லுதீங்க?"

பளிச்! நான் பத்து நாள் படித்ததை அவர் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

"அதேதான் அண்ணாச்சி!"

"எப்ப மூடுனாக?"

"2020 ஜனவரியில."

அண்ணாச்சி பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, காசு வாங்கி, சில்லறை கொடுத்து, வாடிக்கையாளர் படி இறங்கும்வரை காத்திருந்தார்.

"2021-ல எம் மவன் புதுசு வாங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னான். நீங்கதானே தம்பி, 'எஸ்.எஸ்.டி. போட்டாப் போதும், இன்னும் அஞ்சு வருசம் ஓடும்'னு சொன்னீக?"

சொன்னேன். மறுக்க முடியாது. அவருக்குப் பணம் மிச்சம் பண்ணிக் கொடுத்த புண்ணியவான் என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்போதே விண்டோஸ் 7-க்கு வருஷாப்தீகம் முடிந்திருந்தது. தெரியாமல் சொன்னேனா என்றால், அதுவும் இல்லை. தெரிந்ததை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

அண்ணாச்சி கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை.

"நிறுத்துததைத் தப்புன்னு சொல்லல தம்பி. நானே போன வருசம் மண்ணெண்ணெய் அடுப்புத் திரி விக்கதை நிறுத்திட்டேன். யாரும் வாங்கல. ஆனா, 'தீரப் போவுது, வேணுங்கிறதை எடுத்துக்கோங்க'ன்னு ரெண்டு மாசம் முந்தியே வந்தவங்ககிட்டச் சொன்னேன்ல? இந்தத் தெருவுல யார் யார் எவ்வளவு பாக்கின்னு பதினோரு வருசமா இந்தப் பெட்டிக்குத்தான் தெரியும். ஜனவரியில புடுங்குனா நான் எங்க போவேன்?"

அந்தப் பாக்கியில் என் பெயரும் இருக்கிறது என்பதை இருவருமே குறிப்பிடவில்லை.

மறுநாள் நண்பனிடம் போய் உட்கார்ந்தேன்.

"நிறுத்து. நீ சொன்னதெல்லாம் நியாயம். ஆனா, மூணு விஷயம். முதல்ல தேதியை மாத்து. எந்தக் கடைக்காரனாவது வருஷத்து நடுவுல கணக்கை மாத்துவானா? மார்ச் 31 வரைக்கும் டைம் கொடு. ஏப்ரல் ஒண்ணு புதுக் கணக்கு, புது மெஷின். ரெண்டாவது, இப்ப இருக்கிற வெர்ஷனை அப்படியே விட்டுடு. புது வசதி வேண்டாம், ரிப்பேர் வேண்டாம், ஆனா திறக்கணும், பில் அடிக்கணும். நெட்டைப் பிடுங்கிட்டு ஓட்டிக்கச் சொல்லலாம். மூணாவது, அவங்க கணக்கு மொத்தத்தையும் ஒரே பட்டன்ல எக்செல்லா எடுத்துக்க வழி பண்ணு. நாளைக்கு உன் போட்டிக்காரன்கிட்ட போனாலும் சரி."

"போட்டிக்காரனுக்கு நான் மூட்டை கட்டிக் கொடுக்கணுமா?"

"சாஃப்ட்வேர் உன்னுது. கணக்கு அவங்களுது."

முறைத்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பி.காம். படித்தது பதினைந்து வருஷம் கழித்து முதல் தடவையாகப் பயன்பட்டிருக்கிறது! இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டான்.

பதினேழு பேருக்கும் நேரில் போய்ச் சொன்னேன், தேதியோடு. மார்ச்சுக்குள் பதினாலு பேர் மாறிவிட்டார்கள். இரண்டு பேர் நெட்டைப் பிடுங்கிவிட்டுப் பழசிலேயே பில் போடுகிறார்கள். மீதி ஒருவர், நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கும் அம்மா. "எனக்கப்புறம் கடையைப் பார்க்க ஆள் இல்லை தம்பி. இன்னும் ரெண்டு வருஷத்துக்காகப் புதுசு வாங்கணுமா?" என்று கேட்டார். எக்செல்லில் எடுத்த கணக்கைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கார்பன் பேப்பர் வைத்த பில் புக்குக்குத் திரும்பிவிட்டார். நம் வசதிக்கு நாம் வைக்கிற தேதியில் யாரோ ஒருவர் இப்படிப் படியிறங்கிப் போகத்தான் செய்கிறார். அதற்காகத் தேதியே வைக்காமல் இருக்க முடியாது. ஆனால், போகிறவர் கையில் அவர் மூட்டையைக் கொடுத்து, வாசல் வரையாவது கூடப் போகலாம்.

அண்ணாச்சி விண்டோஸ் 11 போட்ட புதுப் பெட்டி வாங்கிவிட்டார். பதினோரு வருஷப் பாக்கியும் பத்திரமாகக் குடியேறிவிட்டது, என்னுடையது உட்பட. பூஜை போட்டுச் சந்தனம் வைத்த கையோடு கேட்டார்.

"இதுக்கு எப்ப தம்பி முத்திரை தீருது?"

"பதிப்புக்குப் பதிப்பு தேதி இருக்கு அண்ணாச்சி. பார்த்துச் சொல்றேன்."

"இந்தத் தடவையாவது முந்தியே சொல்லிருங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். என்னைச் சொல்ல வந்துவிட்டாரே தவிர... சரி, உங்களிடம் மறைப்பானேன்? இந்தக் கட்டுரையை அடித்த என் லேப்டாப்பில் விண்டோஸ் 10. அதன் பொதுவான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு தீர்ந்துபோயிற்று. இதற்குச் சன்மானம் வந்ததும் மாற்றிவிடுவேன்.

அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!