மண்ணுக்குள் உறங்கும் விதைகள்

அடையாற்றில் சர்தார் படேல் சாலை வழியே செல்லுந்தோறும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாயிலைக் காண்கின்றேன். 1948-ஆம் ஆண்டில் தோன்றிய நிறுவனம் அது. தோல் பதனிடும் குடும்பத்தில் பிறந்தவனாதலின், அவ்வாயில் எனக்கு நீலகிரியை நினைவூட்டும். தோலுக்கும் மலைக்கும் என்ன தொடர்பு என மாணவர் வினவலாம். மரப்பட்டைதான் தொடர்பு.

முற்காலத்தில் நம் பக்கத்துத் தோல்கள் ஆவாரம் பட்டையில் பதனிடப்பட்டன. அப்பட்டையின் அருமை பற்றிப் பேசத் தொடங்கினால் என் பாட்டனார் எளிதில் நிறுத்தமாட்டார். பின்னர் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டைச் சாறு வந்தது. அவ்விறக்குமதியைக் குறைக்கும் பொருட்டு, ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவினின்று கொணர்ந்த அம்மரத்தை, விடுதலைக்குப் பின் நீலகிரியிலும் பழனி மலையிலும் பெருமளவில் நட்டனர். சீகை மரம் என்று அங்கே வழங்குவது அதுவே. நட்ட இடமோ புல்வெளி! வெறும் புல்தானே, தரிசுதானே என்பது அன்றைய எண்ணம்.

தரிசன்று அது. நீலகிரியின் உச்சியில், நீர் கசியும் மடிப்புகளில் சோலைக்காடு செறிந்திருக்கும். சரிவுகளில் புல் பரந்திருக்கும். இரண்டிற்கும் இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லை. மார்கழி, தை மாதங்களின் உறைபனியில் வெட்டவெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகள் கருகிவிடுவது இதற்கொரு காரணமாகக் கூறப்படும். காட்டை அழித்ததால் தோன்றிய புல்வெளி எனக் கருதியோரும் உளர். ஆயின் இராமன் சுகுமாரும் அவர்தம் குழுவினரும் நீலகிரிச் சதுப்பு மட்கினை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட முடிவு, 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குப் புற்கள் பரவியிருந்தமையைக் காட்டிற்று.

இனி விதைக்கு வருவோம். மயிலாப்பூரில் பழைய வீடொன்றை இடித்துப் போட்ட மனையைப் பாருங்கள். ஐப்பசி மழை இரண்டு பெய்ததும் குப்பைமேனியும் கீழாநெல்லியும் தும்பையும் தலைகாட்டும். விதைத்தவர் யார்? காற்றும் பறவையும் கொணர்ந்தவை சில. மண்ணில் முன்னரே கிடந்தவை பல. குளத்துச் சேற்றில் மூன்று கரண்டி எடுத்து ஆறு திங்கள் வைத்திருந்த டார்வின், அதிலிருந்து 537 செடிகள் முளைத்ததாக 1859-ஆம் ஆண்டு நூலில் எழுதினார். ஒரு கோப்பைக்குள் அடங்கிய சேறு அது! இங்ஙனம் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும் விதைத் தொகுதியை அறிவியலார் ‘மண் விதை வங்கி’ என்பர்.

அவ்வங்கியில் யார் கணக்கு நீள்கிறது என்பதில்தான் மலையின் துயரம் இருக்கிறது. பல்லாண்டு வாழும் புற்கள் பலவற்றின் விதைகள் மண்ணில் நெடுங்காலம் தங்குவதில்லை. சீகை விதையோ கடினமான தோலுடையது. பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் விழச் செய்தாலும், தீ மூட்டினாலும், உறங்கிய விதைகள் விழித்துக்கொள்ளும். ஒன்றை வெட்டிய இடத்தில் நூறு முளைக்கும். வெட்டினால் போதும் என்று சொல்வோர் மண்ணைத் தோண்டிப் பார்த்ததில்லை போலும்.

ஆதலின் ஆண்டுதோறும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது. நாட்டுப் புற்களை நாற்றங்காலில் வளர்த்துத் தூர் தூராக நட வேண்டியிருக்கிறது. வரையாடு மேய்வது அப்புல்லில்தான். முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர கிலோமீட்டரே; அதனுள்ளும் சீகை புகுந்துள்ளது.

நாம் வகுப்பில் முதற்றிணையாகப் பயிற்றும் குறிஞ்சியும் இப்புல்வெளிச் செடியே. பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, செடி மடியும். உதிர்ந்த விதை அடுத்த மழைகளில் முளைத்தெழும். 2006-இலும் 2018-இலும் மலை நீலம் போர்த்தது. 2018-இல் உதிர்ந்த விதைகளின் செடிகள் இப்போது புல்லிடையே வளர்ந்துகொண்டிருக்கின்றன. சீகையின் நிழல் விழாத சரிவுகளில், அவை 2030-இல் பூக்கும்.