கேமராவுக்கு அளவெடுத்தவர்

வேடந்தாங்கலில் பையின் ஜிப் வாய் பிளந்தது. ரன்னர் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது. அது போன வழியில் பற்கள் மட்டும் மூடிக்கொள்ளவில்லை. தூறல் வேறு. மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் நனைந்தபடி நின்றிருக்க, நான் கேமராவைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினேன்.

வீட்டில் பையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளேயிருந்த ஸ்பாஞ்ச் பொடிந்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. நம் கடலோர ஈரக்காற்றுக்கு அந்த ஸ்பாஞ்ச் சில வருடங்கள்தான் தாங்கும். கேமரா கீழே விழுவதை நினைத்துச் செய்த பை அது. லென்ஸுக்குள் பூஞ்சை படர்வதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: “ஆம்பூர்ல ஒரு அக்கா இருக்காங்க. ஷூ கம்பெனியில வேலை பார்த்தவங்க. அவங்க தைச்சா பிரியாது.”

காட்பாடி தாண்டி ஆம்பூரில் இறங்கினேன். (பிரியாணி பற்றி இந்தக் கட்டுரையில் ஒரு வரியும் வராது.) குறுகலான சந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலிலேயே மோட்டார் பொருத்திய பழைய தையல் மெஷின். தோல் வாடை. அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கலாம். கேமராவைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, “இன்னா சார், கல்லாட்டம் கீது!” என்றார்.

பதினான்கு வருடம் ஷூ கம்பெனியில் இருந்திருக்கிறார். ஷூவின் மேல்பாகத்துக்கு அங்கே ‘அப்பர்’ என்று பெயர். தோலை வெட்ட ஒருவர், ஓரத்தைச் சீவி மெலிதாக்க ஒருவர், பசை தடவ ஒருவர். அக்காவின் பங்கு குதிகாலுக்குப் பின்னால் வரும் ஒற்றைத் தையல். “முழு ஷூவ நான் தைச்சதே இல்ல சார். பின்னாடி ஒரு தையல். அவ்ளோதான். தூக்கத்துலயும் கால் பெடல மிதிக்கும்.” மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டு, வந்த பி.எஃப். பணத்தில் இந்த மெஷினை வாங்கினார். முழுசாக ஒரு பொருளைத் தைத்தது அதன் பிறகுதான்.

நான் பெருமையாக ஒரு தாளை நீட்டினேன். நீளம், அகலம், உயரம் எல்லாம் மில்லிமீட்டரில் குறித்திருந்தேன். அக்கா படித்துவிட்டு, “பஞ்சு எங்க உக்காரும்?” என்று கேட்டார். பத்து மில்லிமீட்டர் ஃபோம் இரண்டு பக்கமும் வைத்தால் இருபது மில்லிமீட்டர் போய்விடும். என் கணக்கில் தைத்திருந்தால் பைக்குள் கேமரா நுழைந்திருக்காது.

தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, பெயின்டர்கள் ஒட்டும் பேப்பர் டேப்பை எடுத்தார். என் பழைய கேமரா ஒன்று, ரிப்பேராகிக் கிடந்தது, அதையும் கொண்டுபோயிருந்தேன். அதன் மேல் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினார். லென்ஸ், கைப்பிடி, மேலே கூம்பின மண்டை எல்லாம் மறைந்து, கட்டுப்போட்ட ஆள் மாதிரி ஆனது கேமரா. பால்பாயின்ட் பேனாவால் எங்கெங்கே தையல் வரவேண்டும் என்று கோடு இழுத்தார். பிளேடால் கோட்டின் மேலேயே மெல்லக் கீறி, டேப்பைத் தோலுரிப்பதுபோல் உரித்து அட்டையில் ஒட்டி நீவினார். சில துண்டுகள் படியாமல் மேடு தட்டின. மேட்டில் ஒரு வெட்டு கொடுத்ததும் ஆப்பு வடிவில் விரிந்து படிந்தது. உருண்ட பொருள் என் கண்ணெதிரே தட்டையாகிவிட்டது.

ஷூ கம்பெனியில் பாதம் போன்ற ஓர் அச்சு உண்டு, ‘லாஸ்ட்’ என்பார்கள். அதன் மேல் டேப் ஒட்டித்தான் பேட்டர்ன் மாஸ்டர் புது மாடலுக்கு அளவு எடுப்பாராம். அக்காவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் டிபன் டப்பாவோடு அந்த மேஜைப் பக்கம் போய் நின்று பார்த்தது.

வெட்டியது, ஃபோம் ஒட்டியது எல்லாம் வேகமாக நடந்தது. ஜிப்பை எப்படி உள்ளே மடக்கிவிட்டார் என்பது இரண்டு தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே பருத்தி கேன்வாஸ், அடியிலும் மூலையிலும் மட்டும் தோல். முழுக்கத் தோலிலேயே வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அது நல்ல வீடு. தோல் வந்ததும் அக்காவின் கை நிதானப்பட்டது. துணியில் தவறினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட ஓட்டை அப்படியே நிற்கும். நெருக்கித் தைத்தாலும் ஆபத்து, தபால்தலை கிழிகிற மாதிரி ஓட்டை வரிசையிலேயே கிழிந்துவிடும்.

மூலையில் பெண்கள் தோளில் மாட்டும் பைகள் குவிந்திருந்தன. ஒன்றில் இங்கிலீஷ் பெயரோடு சீட்டு தொங்கியது: 1,899 ரூபாய். தைத்ததற்கு எவ்வளவு என்று கேட்டேன். 45. நூல், ஊசி, கரண்ட் எல்லாம் அக்கா செலவு. தையல் கோணினால் அந்தப் பைக்குக் கூலி கிடையாது, துணிக்கும் பிடித்துக்கொள்வார் தரகர். வெட்டிய துண்டுகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிற அந்தத் தரகர், தையல் மெஷினில் ஒரு நாள் உட்கார்ந்து முதுகு வலி கண்டவர் இல்லை. கடை வாடகை, விளம்பரம், வரி என்று பையை விற்பவர்கள் ஆயிரம் கணக்கு சொல்லட்டும். அந்தச் சீட்டை அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்குத் தைத்தவரின் பெயரை ஒரு மூலையில் போடத் தெரியாதா? கூலியை உயர்த்தச் சொன்னால் அடுத்த சந்துக்குப் போய்விடுவார்களாம். சந்துக்கு நாலு மெஷின் இருக்கும்வரை அந்த மிரட்டல் பலிக்கும்.

இப்படிப் பொங்கிக்கொண்டிருந்தவன்தான், என் பைக்கு அக்கா 900 ரூபாய் என்றதும், “கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கக்கா” என்றேன். பழக்கதோஷம். நாக்கைக் கடித்துக்கொண்டு முழுசாகக் கொடுத்தேன்.

பை நன்றாகத்தான் இருந்தது. ஒரே குறை, மூடியில் நான் கேட்டு வைத்த வெல்க்ரோ. வேடந்தாங்கலில் விடிகாலை அமைதியில் மூடியைத் திறந்தேன். ‘பர்ர்’ என்ற சத்தத்தில் கிட்டே இருந்த கொக்கு எழும்பிப் போயிற்று. போனில் சொன்னதும் அக்கா வெகுநேரம் சிரித்தார். “டிச் பட்டன் வச்சிடலாம், எடுத்துனு வாங்க.”

போனேன். சுவரில் ஆணியடித்து அட்டைப் பேட்டர்ன்களைக் கோத்து மாட்டியிருந்தார். என்னுடையதைத் தேடி எடுத்தபோது அதன் மேல் பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்தேன். கேமராவின் பெயர் இல்லை, மாடல் எண் இல்லை. ‘கொக்கு சார்’.